நூற்று முப்பது மீட்டர்

தேவமேடு எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும், முக்கியமாக எது புறப்பட்டாலும், அந்தோணியார் குருசடியில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மேனேஜரின் புது ஜீப் நின்றிருக்கிறது. தூள் ஏற்றிய லாரி நிற்கிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் பேனா வரிசையாகப் படுத்துக் கிடக்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்த பாய்லர் ஒரு தடவை மூன்று மணி நேரம் அங்கே கிடந்தது. ஒரு நிமிடம் என்று இறக்கினார்கள், கிரேன்காரன் சாப்பிடப் போய்விட்டான். அந்தோணியார் பாவம், எதையும் வேண்டாம் என்று சொன்னவர் இல்லை.

ஏலப்பாறை டவுனிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏறும் ரோட்டோரத்தில் இருக்கிறது, சிலுவையும் அந்தோணியார் சொரூபமும் வைத்த அந்தச் சின்னக் குருசடி. அங்கிருந்து செங்குத்தாகப் படிகள் ஏறினால் ஃபாக்டரி முற்றம். முற்றத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கழுதைமேடு என்ற மலைமுதுகு. அதற்கு அந்தப் பக்கம் மேல் டிவிஷன், நாற்பது வீடுகள் கொண்ட இரண்டு லயங்கள். கீழுக்கும் மேலுக்கும் ஒரே ஒரு ரோடு. ஆடி மாதத்து மழையில் உருள்பொட்டி, மலைமண் சரிந்து, அந்த ரோட்டைப் பாலத்தோடு வழித்துக்கொண்டு போய்விட்டது.

ஆள் யாரும் சாகவில்லை என்றுதான் முதலில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஜிஸ்மியும் விட்டாள். அவள் எஸ்டேட்டின் டிரோன் பைலட். பட்டுப்போன தேயிலைச் செடிகளை வானத்திலிருந்து எண்ணுவதற்காகக் கம்பெனி ஒரு டிரோன் வாங்கி, கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளை, டிப்ளமோ படித்தவள் என்று அவளைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. முதலில் பெரியவர்கள் சிரித்தார்கள். "செடியை எண்ண எதுக்குடி விமானம், நாங்க நடந்தே எண்ணிருவோமே" என்றார்கள். சிரிக்காமல் பார்த்தவள் ஜோமோள் ஒருத்திதான். மேல் டிவிஷனில் இருக்கும் செபாஸ்டின், சிசிலி தம்பதியின் ஒரே பெண். ஒன்பது வயது. டிரோனுக்குத் தும்பி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

அந்த ஜோமோளுக்கு ஆறு வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் ஊசி போட்டால்தான் உயிர். லயத்து வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது? ஈரமணல் போட்ட மண்பானைக்குள் மருந்துக் குப்பியை வைத்திருப்பாள் சிசிலி. உருள்பொட்டிய அன்று விடியற்காலையில் அடுப்படிச் சுவர் சரிந்து பானையின் மேல் விழுந்தது. குப்பி நொறுங்கிவிட்டது. புதுக் குப்பி செபாஸ்டினின் சட்டைப் பையில் இருந்தது. அவர் ஃபாக்டரியில் பாய்லர் ஆள். முந்தின நாள் ஏலப்பாறையில் மருந்து வாங்கிக்கொண்டு நேராக ராத்திரி வேலைக்கு ஏறியவர், இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். மருந்து இங்கே, பிள்ளை அங்கே.

மேல் டிவிஷனில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் ஃபோன் எடுக்கும். சிசிலி மழையில் நனைந்துகொண்டு அங்கேயிருந்து கூப்பிட்டாள். முதல் நாள், "தாகம் தாகம்ங்கா" என்றாள். இரண்டாம் நாள் சாயங்காலம், "வாந்தி நிக்கல. மூச்சு வேகமா வாங்குது. ஏதாச்சும் செய்யுங்களேன்" என்று அழுதாள். தீயணைப்புக்காரர்கள் ஆற்றில் வெள்ளம் குறையட்டும் என்றார்கள். ஹெலிகாப்டர் கேட்டதற்கு மேகம் விலகட்டும் என்றார்கள். எல்லோரும் எதற்காவது காத்திருந்தார்கள். ஜோமோளின் உடம்பு மட்டும் காத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அசிஸ்டென்ட் மேனேஜர் ஜோபி சார் ஜிஸ்மியைக் கூப்பிட்டுக் கேட்டார். "உன் மெஷின் கொண்டுபோகுமா?"

குப்பியும் ஊசிகளும் சேர்த்து நூறு கிராம்கூட வராது. கொண்டுபோகும். சிக்கல் வேறு. கழுதைமேட்டைத் தாண்டினால் ரிமோட்டின் சிக்னல் செத்துவிடும், கையால் ஓட்ட முடியாது. வழியை முன்கூட்டியே வகுத்து, அதுவே தானாகப் போய் இறங்குகிற மாதிரி விட வேண்டும்.

இரவு ஆபீசில் உட்கார்ந்து அவள் அந்த வழியை வகுத்தாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டேப்லெட்டில் மலையின் படம் இருக்கும். விரலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியில் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிறகு அடுத்த புள்ளி. ஜிஸ்மி பதினொரு புள்ளி வைத்தாள். பதினொன்றாவது, மேல் டிவிஷனின் பிரட்டுக்களம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற அந்த மைதானம்தான் அங்கே இருப்பதில் சமதரை. சிக்னல் போனால் திரும்பி வராதே, போய்க்கொண்டே இரு என்ற கட்டளையையும் போட்டாள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உயரம் என்று நாம் போடும் எண், டிரோன் கிளம்பிய தரையிலிருந்து எண்ணப்படுவது. கடல்மட்டத்திலிருந்து இல்லை, அப்போதைக்கு அதன் கீழே இருக்கிற மண்ணிலிருந்தும் இல்லை. எந்த இடத்தில் காலூன்றி எழும்பியதோ, அந்த இடம்தான் அதற்குப் பூஜ்யம். பயிற்சியின் முதல் நாள் பாடம் இது. ஜிஸ்மி ஃபாக்டரி முற்றத்தைப் பூஜ்யமாக வைத்தாள். முற்றத்திலிருந்து கழுதைமேட்டின் உச்சி தொண்ணூறு மீட்டர். உச்சியில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களுக்கு இன்னும் இருபத்தைந்து. மேலே கொஞ்சம் கூட்டி வைத்து, நூற்று முப்பது என்று போட்டாள். மூன்று தடவை சரிபார்த்தாள். கணக்கு சுத்தம். இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஒரு பிழை கிடையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் முற்றத்துக்கு வந்தபோது செபாஸ்டின் முழங்கால் வரை சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றார். கையில் காடு வெட்டும் வாக்கத்தி. ஏலக்காட்டு வழியாகச் சுற்றிப் போனால் அஞ்சு மணி நேரத்தில் மேலே போய்விடலாம், நடுவில் ஒரு ஓடைதான் மோசம், இரண்டு நாளாகக் கால் வைக்க விடவில்லை, இன்றைக்குக் கயிறு போட்டுத் தாண்டிக்கொள்கிறேன் என்றார்.

"மாமா, நில்லுங்க" என்றாள் ஜிஸ்மி. சொந்தத்து மாமா இல்லை. அவளுடைய அம்மாவும் சிசிலியும் ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவர்கள், அந்த முறையில் மாமா. "ஓடையில மருந்தோட நீங்களும் போயிட்டா? நான் அனுப்புறேன். ஏழு நிமிஷம் மாமா. ஏழே நிமிஷம்."

அவர் அவளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், பையிலிருந்து குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தார். அஞ்சு மணி நேரம் எங்கே, ஏழு நிமிஷம் எங்கே. எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்?

"ஒண்ணே ஒண்ணு மோளே" என்றார். "அந்தோணியார்ட்ட ஒரு நிமிஷம் வச்சுட்டு விட்டுருவோமா?"

ஜிஸ்மி மேலே பார்த்தாள். கழுதைமேடு முழுக்க மேகம் மூடியிருந்தது. எப்படியும் அது கலைய வேண்டும். "வாங்க" என்றாள். வைத்துவிட்டுத் திரும்ப ஏறி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். ஏறி வந்துவிடலாம் என்று நிச்சயமாக நினைத்தாள்.

படிகளில் அவள் டிரோனை நெஞ்சோடு அணைத்து இறங்க, அவர் குடையை முழுக்க அதன்மேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்து வந்தார். குருசடியின் சிமெண்டுத் தரையில் வைத்தார்கள். குப்பியும் ஊசியும் இருந்த சின்னப் பை அதன் வயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தது. செபாஸ்டின் முழங்காலில் நின்றார். வாய்விட்டு ஜெபம் சொல்லத் தெரியாத மனிதர். "பார்த்துக்கிடும் ஐயா" என்பதை மட்டும் நாலைந்து தடவை சொன்னார்.

அப்போது மழை நின்றது. நிற்கும் என்று யாரும் நம்பாத மழை. ஜிஸ்மியின் ஃபோன் அடித்தது. மேலே ஆபீஸ் ஜன்னலில் நின்றுகொண்டு ஜோபி சார் கத்தினார். "மேகம் மாறியாச்சு! மலை தெரியுது! இப்ப விடு, வேகம் விடு, இன்னும் பத்து நிமிஷத்துல அடைச்சிடும்!"

படி ஏறப் பத்து நிமிடம் ஆகும். இங்கே தரை சமம், மேலே முற்றம் முழுக்கச் சேறு. சிக்னலும் நிறைய இருக்கிறது. பதறிய காரியம் சிதறும் என்பார்கள். பதறாமல் இருக்க அந்த இடத்தில் யாரால் முடியும் என்று, பழமொழி சொன்னவன்தான் வந்து காட்ட வேண்டும். செபாஸ்டின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு விலகி நின்றார். ஜிஸ்மி பட்டனை அழுத்தினாள். கிளம்பும் இடம் பதிவாகிவிட்டது என்று டேப்லெட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் சொன்னது. எப்போதும் சொல்வதுதான். தும்பி எழும்பியது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. உயரம் நூற்று முப்பது. வேகம் சரி. முதல் புள்ளி, இரண்டாவது, மூன்றாவது. போட்டது போட்டபடி போய்க்கொண்டிருந்தது. அதுதான் கொடுமை. ஒரு எண்ணாவது தப்பாக இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நான்காவது புள்ளியைத் தாண்டியதும் மேகம் திரும்பி வந்து மலையை மூடியது. ஐந்தாவது புள்ளிக்கு முன்னால் சிக்னல் போனது.

"போச்சா?" என்று செபாஸ்டின் பதறினார்.

"மலையைத் தாண்டுது மாமா. தாண்டும்போது போகும்னு சொன்னேன்லா. இனிமே அதுவே போயிரும்."

அதுவே போய்விடும். அந்த நம்பிக்கையில் இரண்டு பேரும் குருசடிப் படியில் உட்கார்ந்தார்கள். ஏழு நிமிடம் ஆனது. ஃபோன் அடிக்கவில்லை. சிசிலி அத்தை பையை அவிழ்த்து, ஊசி போட்டுவிட்டு, பிறகுதானே பாறைக்கு ஓடிவருவாள் என்றாள் ஜிஸ்மி. அதுவும் சரிதான் என்றார் அவர். இருபது நிமிடம் ஆனது. செபாஸ்டின் ஒரு பீடியை எடுத்து, பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்தைந்தாவது நிமிடம் ஃபோன் வந்தது.

"எப்பங்க அனுப்பப் போறீங்க?" என்றாள் சிசிலி. "நாங்க எல்லாரும் களத்துல வானத்தைப் பார்த்துட்டே நிக்கோம். ஒண்ணும் வரலையே."

ஜிஸ்மி திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். தும்பியைக் கூப்பிட்டுப் பார்க்கவும் முடியாது, எங்கே விழுந்தது என்று தெரியாமல் தேடிப் போகவும் முடியாது. இருந்தது ஒரு டிரோன், ஒரு குப்பி. மின்சாரக் கோளாறு, மேகத்தில் ஈரம் ஏறியிருக்கும், கழுகு அடித்திருக்கும் என்று ஜோபி சார் ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஜீப் ஏலப்பாறைக்குப் பறந்தது, வேறு குப்பி வாங்கிவர. வழியில் மரம் விழுந்து கிடந்தது. அறுத்துப் போட்டு, போய், வாங்கி, திரும்பி வர மதியம் ஒன்றே கால். செபாஸ்டின் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஏலக்காட்டுக்குள் நுழைந்தார். ஆறு மணி நேரம் முன்பே போயிருக்க வேண்டியவர்.

அவர் போன பிறகுதான் ஜிஸ்மி ஆபீசில் உட்கார்ந்து டேப்லெட்டில் பதிந்திருந்த பறப்பைத் திறந்தாள். உயரக் கோடு நேராக, நூற்று முப்பதில் ஓடியது. கிளம்பிய இடம் என்று ஒரு சின்ன வட்டம். அது முற்றத்தில் இல்லை. கீழே, ரோட்டோரத்தில் இருந்தது.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. குருசடி முற்றத்தைவிட ஐம்பது மீட்டர் பள்ளம். குருசடியிலிருந்து நூற்று முப்பது என்றால் முற்றத்திலிருந்து எண்பது. கழுதைமேடு தொண்ணூறு. தும்பி சொன்ன சொல் தவறாமல், அவள் போட்ட எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு, போய் மலையில் மோதியிருக்கிறது. விடுவதற்கு முன்னால் நூற்று முப்பதை அழித்து நூற்று எண்பது என்று அடித்திருந்தால் போதும். பத்து வினாடி வேலை. அவள் மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே போகாமல் இருக்கத் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

செபாஸ்டின் மேலே போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறரை. ஜோமோளுக்கு நினைவு இல்லை. ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி, பிள்ளையைத் தூளியில் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். அரை நாள் முன்னால் ஊசி போட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, சிசிலியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் ஜோமோள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த வாரம், கழுதைமேட்டுச் சரிவில் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் டிரோனைக் கண்டுபிடித்தார்கள். உச்சிக்குப் பத்து மீட்டர் கீழே, ஒரு தேயிலைச் செடிக்குள் குப்புறக் கிடந்தது. இறக்கைகள் முறிந்திருந்தன. வயிற்றில் கட்டிய பை கட்டியபடி இருந்தது. குப்பியில் ஒரு கீறல் இல்லை.

லயத்தில் பேசாத பேச்சு இல்லை. சின்னப் பிள்ளை கையில் பெரிய சாமானைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். நடந்து போக நின்ற மனுஷனைத் தடுத்தவள் என்றார்கள். உண்மைதான், தடுத்தது ஜிஸ்மிதான். படித்தவள் அவள், பட்டன் அவள் கையில் இருந்தது. குருசடியில் வைக்கச் சொன்னவரைக் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்று நினைத்தாள். ஆனால் விஷயம் வெளியே வந்தால் ஊர் யாரைப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அவர் தன்னைத்தானே எப்படிப் பார்ப்பார் என்றும் தெரியும்.

கம்பெனியிலிருந்து விபத்து அறிக்கைப் படிவம் வந்தது. இரண்டு பக்கம். காரணம் என்ற கட்டத்தில், உயரத்தை நான் தவறாகக் கணக்கிட்டேன் என்று எழுதினாள். வேலை போகும். போகட்டும். கிளம்பிய இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தாள். டேப்லெட்டில் இருந்த பதிவை அன்றைக்கே அழித்துவிட்டாள், டிரோனின் உள்ளே இருந்ததும் மழைத் தண்ணீரில் போய்விட்டது. ஃபாக்டரி முற்றம் என்று எழுதினாள். வாழ்க்கையில் அவள் துணிந்து எழுதிய முதல் பொய் அது.

எழுதிய மை காய்வதற்குள் வாசலில் செபாஸ்டின் வந்து நின்றார். லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவள் எழுந்து நின்றாள்.

"உக்காரு மோளே" என்றார். "அன்னைக்கு நடந்ததை எழுதிக் கேட்டிருக்காங்களாமே. என்ன எழுதிருக்க? வாசிச்சுக் காட்டு."

அவள் மறுத்துப் பார்த்தாள். இங்கிலீஷில் இருக்கிறது மாமா என்றாள். நீ தமிழில் சொல்லு என்றார். பெயர், தேதி, நேரம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "கிளம்பிய இடம், ஃபாக்டரி முற்றம்" என்று வேகமாகச் சொல்லி அடுத்ததுக்குப் போகப் பார்த்தாள்.

"முற்றமா?" என்றார். "முற்றத்துலயா விட்டோம்? அந்தோணியார் காலடியிலல்லா வச்சு விட்டோம்."

"ஆமா மாமா. இது சும்மா ஒரு வழக்கத்துக்கு எழுதுறது. எங்கன்னாலும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல மோளே." அவர் குரல் உயரவில்லை. "அன்னைக்கு எம்புள்ளைக்கு நான் என்ன செஞ்சேன் சொல்லு? நடந்து போயிருக்கணும், போகல. போனப்ப நேரம் போச்சு. ஊசி போட்டப்ப அது கண்ணே திறக்கல. அவளுக்குன்னு நான் செஞ்சது அந்தப் படியில முழங்கால் போட்டது ஒண்ணுதான். சிசிலிட்டகூட அதைத்தான் சொல்லி ஆத்துறேன். அதுவும் இல்லாம ஆயிரக் கூடாது. அதை எழுது."

"மாமா, வேண்டாமே."

"ஏன், சாமி பேரை எழுதினா கம்பெனிக்காரங்க சிரிப்பாங்களா? சிரிக்கட்டும்."

ஜிஸ்மி அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளால் முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் அவர் விடவில்லை. அவள் முற்றம் என்பதை அடித்துவிட்டு, அந்தோணியார் குருசடி என்று எழுதினாள்.

"என் பேரையும் போடு. பிள்ளையோட அப்பன் சொல்லி வச்சதுன்னு போடு."

போட்டாள். அவர் குனிந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரியின் கீழே விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். "இப்பதான் சரியா இருக்கு" என்றார். தபால் ஜீப் நாலு மணிக்குக் கிளம்பும் என்று கேட்டு, "நானே கொண்டுபோய்க் கொடுத்துருதேன்" என்று கையை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டு, படிவத்தை உறையில் வைத்து, ஒட்டிக் கொடுத்தாள். அவர் அதை நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் படிகளில் இறங்கிப் போனார். கீழே ஜீப் ஹாரன் அடித்தது. ஒரு நிமிடம் என்று டிரைவருக்குக் கையைக் காட்டிவிட்டு, உறையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து, அந்தோணியாரின் காலடியில் வைத்து முழங்காலில் நின்றார்.